சாமி நிற்கும் தரை: பாலாற்றங்கரை வழிபாடுகளும் ஆவணப் புகைப்படமும்

ஒரு வட்டாரத்து மக்களின் நம்பிக்கைகளையும் சடங்குகளையும், அவற்றுக்கும் அவர்கள் வாழும் நிலத்துக்கும் உள்ள உறவையும், நீண்ட காலம் உடனிருந்து படங்களாகப் பதிந்துவைக்கும் பணி ஆவணப் புகைப்படக்கலை எனப்படுகிறது. செய்திப்படம் மறுநாள் காலைக்கு உரியது. கல்யாணப் படம் அந்தந்தக் குடும்பத்துக்கு உரியது. ஆவணப் புகைப்படமோ, அந்த வழக்கத்தை நேரில் காண வாய்ப்பே இல்லாத, இன்னும் பிறக்காத ஒருவருக்கு, அது எப்படி நடந்தது, எவர் நடத்தினர், எதைக்கொண்டு நடத்தினர் என்று சொல்லக் கடமைப்பட்டது. இந்த மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கும் பெரும்பாலான படங்கள் விடை சொல்லிவிடுகின்றன. ‘எதைக்கொண்டு’ என்ற மூன்றாவது கேள்விதான் விடை பெறாமல் நிற்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்தைச் சூழ்ந்த பாலாற்றங்கரைப் பகுதி இந்தக் குறையை உணர்த்தக்கூடிய இடம். ‘மறைந்துவரும் மரபு’ என்று எல்லோரும் எளிதாகச் சொல்லும் சொற்றொடர் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. தை மாதத்தில் பெருமாள் ஆற்றங்கரைக்கு எழுந்தருளுகிறார், மாசி மாதத்தில் இருளர் பழங்குடியினர் கடற்கரைக்குப் போகிறார்கள், கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது, கூட்டத்துக்கும் குறைவில்லை. குறைந்துவருபவை, இந்தச் சடங்குகள் காலூன்றி நிற்கும் பொருள்கள்: ஆற்று மணல், ஏரி மண், பனைமரம், புற்றும் புதரும் நிறைந்த மேட்டு நிலம். சடங்கு நீடித்திருக்கும்போதே அதன் தரை கரைந்துபோவதால், சாமியின் முகத்தை மட்டும் பார்க்கும் படக்கருவி, எல்லாம் நலமாக இருப்பதாகவே பதிவு செய்துவிடும். சாமி நிற்கும் தரையையும் சேர்த்துப் பார்க்கும் படமே உண்மையான ஆவணம் என்பதுதான் இப்பதிவு முன்வைக்கும் கருத்து.

ஆறு என்னும் மணல்

வாலாஜாபாத், காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே பாலாற்றின் வடகரையை ஒட்டி அமைந்த பேரூர். ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைமுகாமாகவும் இருந்தது. செங்கல்பட்டு - அரக்கோணம் ரயில் பாதை இதன் வழியே செல்கிறது. ஆயினும் ஊரின் வாழ்வை நிர்ணயித்தது நவாபும் அல்ல, கம்பெனியும் அல்ல. தெற்கே கிடக்கும் அகன்ற மணற்பரப்புதான்.

கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, அம்மாநிலத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடி, வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் மேலே வறண்டும் உள்ளே ஈரத்தோடும் இருக்கும் ஆறு இது. மணலுக்கடியில் ஊர்ந்து செல்லும் நீரைக் கையால் தோண்டிய ஊற்றுகளிலிருந்து மொண்டு குடித்ததும், ஆற்றுப் படுகையில் வெட்டிய ஊற்றுக் கால்வாய்களின் வழியே வயலுக்குக் கொண்டுசென்றதும் இந்த வட்டாரத்தின் நீர் அறிவு. அவ்வகையில் பாலாற்று மணல் வெறும் கட்டுமானப் பொருள் அன்று. அதுவே நீரைச் சேமித்துவைக்கும் தொட்டி. மணல் அள்ளப்பட்டபோது இழக்கப்பட்டது அந்தத் தொட்டி. மேல்பகுதியில் நீர் தேக்கப்பட்டதும், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததும், படுகையில் சீமைக் கருவேலம் பரவியதும் இந்த இழப்போடு சேர்ந்துகொண்டன. 2021 நவம்பரில் கரைகொள்ளாமல் பெருகிய வெள்ளம், ஆறு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை நினைவூட்டியது. ஆனால் ஒரு வெள்ளத்தால் மணல் திரும்பி வந்துவிடுவதில்லை.

பெருமாளின் பாரிவேட்டை

வாலாஜாபாத்துக்குக் கிழக்கே, வடகரையில் பழையசீவரமும், அதற்கு எதிர்க்கரையில் திருமுக்கூடலும் உள்ளன. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடம் என்பதால் பின்னதற்கு அப்பெயர். மாட்டுப்பொங்கலன்று இங்கே நடைபெறும் பாரிவேட்டை, அதாவது இறைவன் வேட்டைக்கு எழுந்தருளும் விழா, ஆறும் ஊர்களும் கோயிலும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்துள்ளன என்பதைக் காட்டும் நிகழ்வு. பொங்கல் நாள் இரவில் காஞ்சிபுரத்திலிருந்து புறப்படும் வரதராஜப் பெருமாள், வழியிலுள்ள ஊர்களில் மண்டகப்படி, அதாவது அந்தந்த ஊராரோ குலத்தாரோ தம் செலவில் செய்யும் உபசாரம், ஏற்றுக்கொண்டு, வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் மலையை அடைகிறார். இப்போது காஞ்சியில் மூலவராக நிற்கும் பெருமாள் முன்னொரு காலத்தில் இந்த மலையிலிருந்து சென்றவர் என்பதும், அதனாலேயே ஆண்டுக்கு ஒருமுறை பிறந்த வீட்டுக்கு வருவதுபோல வருகிறார் என்பதும் மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

பின்னர் அவர் பழையசீவரம் லட்சுமி நரசிம்மரோடு ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் சேர்கிறார். அங்கே சாலவாக்கம் சீனிவாசப் பெருமாளும், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணப் பெருமாளும் வந்துசேர, திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாளோடு ஐந்து பெருமாள்களும் ஒரே இடத்தில் காட்சி தருகின்றனர். இந்த ஐவரின் படம் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. பூவாலும் பட்டாலும் நிறைந்த, கண்ணுக்கு நிறைவான படம் அது.

ஆனால் அந்தப் படத்தின் சட்டகத்துக்கு வெளியே இருப்பவை மிகுதி. பல்லக்கைச் சுமப்பவர்களைச் சீர்பாதம் தாங்கிகள் என்பர். தண்டு அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தோளே அவர்களின் தொழில் அடையாளம். தார்ச்சாலையில் ஒரே சீராக விழும் அவர்களின் அடி, மணலில் இறங்கியதும் மாறிவிடுகிறது. குதிகால் புதைவதால் அடி குட்டையாகிறது. முன்தண்டும் பின்தண்டும் ஒரே நேரத்தில் தாழாதபடி ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு நடக்க வேண்டியிருக்கிறது. பெருமாளும் அந்த நடைக்கேற்ப மெல்ல அசைகிறார். பக்தர்கள் ‘நடை அழகு’ என்று கையெடுத்துக் கும்பிடும் அந்த அசைவில் பாதி மணல் கற்றுக்கொடுத்தது. பாலத்தின் மேல் செல்லும் பல்லக்கு வேறு வகையாக அசையும். பழையசீவரத்துக்கும் திருமுக்கூடலுக்கும் இடையே பாலமும், ஆற்றின் குறுக்கே தடுப்பணையும் வந்துவிட்ட பிறகு, தாங்கிகளின் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்படும் ஒரு படம், ஐந்து பெருமாள்களின் படத்துக்குச் சற்றும் குறையாத ஆவணமாகிறது. தென்கரையில் சாலவாக்கம், மதூர், திருமுக்கூடல் வட்டாரக் குன்றுகளைச் சுற்றிக் கல்குவாரிகளும் கல் அரைக்கும் கிரஷர்களும் பெருகியுள்ளதால், வேட்டைக்கு வரும் பெருமாள் செல்லும் அதே சாலைகளில் ஜல்லி லாரிகளும் செல்கின்றன. வேட்டைத் திருவிழா என்றால் காடும் விலங்கும் இருந்த நிலத்தின் நினைவு என்று பொருள். அந்தக் குன்றுகளின் இன்றைய உருவம் பின்னணியில் தெரியாத பாரிவேட்டைப் படம் பாதிச் செய்தியையே சொல்கிறது.

முகத்தை மட்டும் பார்த்த படக்கருவி

தரையை விட்டுவிட்டு முகத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் படக்கருவிக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1857 கிளர்ச்சிக்குப் பின், தாம் ஆளும் மக்களை வகைப்படுத்தி அறிந்துகொள்ள விரும்பிய ஆங்கில அரசு, 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்னும் படத்தொகுப்பை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ என்னும் ஏழு தொகுதி நூலில் இருளர் பற்றிய பகுதியும் உண்டு. தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளவுகோலால் அளந்தவர். அவர் காலத்துப் படக்கருவியும் அந்த அளவுகோலின் உடன்பிறப்பாகவே வேலை செய்தது. மனிதரை அவர் வாழும் இடத்திலிருந்து பிரித்து, வெறும் சுவரின் முன் நிறுத்தி, முன்புறமும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களில் உடல் தெரிகிறது. அந்த உடல் அறிந்துவைத்திருந்த காடு தெரிவதில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். வட அமெரிக்கப் பழங்குடிகளை எட்வர்ட் கர்டிஸ் 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகளில் பதிவு செய்தார். ‘அழிந்துவரும் இனம்’ என்ற எண்ணத்தில் ஊறியிருந்த அவர், பீகன் இனத்தவர் இருவர் கூடாரத்துக்குள் அமர்ந்திருக்கும் படத்தில், அவர்களுக்கு நடுவே இருந்த கடிகாரத்தை அச்சிடும்போது அழித்துவிட்டார். பழங்குடி என்றால் பழமையாகவே இருக்க வேண்டும் என்ற விருப்பம், அவர்கள் தம் காலத்து மனிதர்கள் என்ற உண்மையை மறைத்தது. இன்று பாலாற்றங்கரையில் படம் எடுப்பவர், மின்கம்பியும் கைப்பேசியும் பிளாஸ்டிக் குடமும் சட்டகத்துக்குள் வராதபடி ஒதுங்கி நின்று கோணம் தேடும்போதெல்லாம், அழிக்கப்பட்ட அந்தக் கடிகாரத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

வேறு வழியில் சென்றவர்களும் உண்டு. பிரேசிலில் யானோமாமி மக்களோடு 1971 முதல் பழகிய கிளாடியா அண்டுஹார், 1980களின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தடுப்பூசி போடும் பணிக்காக, கழுத்தில் எண் அட்டை அணிந்த நிலையில் ஒவ்வொருவரையும் படம் எடுத்தார். வெளியாருக்குத் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் அம்மக்களிடம் இல்லை என்பதே எண்ணுக்குக் காரணம். தர்ஸ்டன் காலத்துப் படத்தைப் போலவே தோன்றும் அந்தப் படம், அளப்பதற்காக அன்றி உயிர் காப்பதற்காக எடுக்கப்பட்டது. அண்டுஹாரும் அவருடைய தோழர்களும் அந்த மக்களும் சேர்ந்து நடத்திய நீண்ட போராட்டத்தின் பயனாக 1992இல் யானோமாமி நிலம் சட்டப்படி வரையறுக்கப்பட்டது. இந்தியாவில் 1967 முதல் ஊர் ஊராகச் சென்று கோலங்களையும் சுவர் ஓவியங்களையும் படம் எடுத்த ஜோதி பட், ஓவியத்தை மட்டும் தனியே வெட்டி எடுக்காமல், அதை வரைந்த பெண்ணையும் அது இருந்த வீட்டையும் சேர்த்தே பதிந்தார். தமிழ்நாட்டில் எம். பழனி குமார், கடற்பாசி எடுக்கும் பெண்களையும் மலக்குழித் தொழிலாளர்களையும், அவர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகிப் படம் எடுத்து, 2022இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். இவர்கள் அனைவரிடமும் பொதுவாகக் காணப்படுவது, சேர்ந்து வாழ்ந்து எடுத்தல் என்னும் பொறுமை.

கடலுக்குக் கோபித்துச் சென்ற கன்னியம்மன்

இருளர்கள், தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களுள் ஒன்று. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களின் சமவெளியில் ஏரிக்கரைகளையும் புறம்போக்குகளையும் ஒட்டி வாழும் இவர்கள், பாம்பும் எலியும் பிடித்தல், மூலிகை பறித்தல், மீனும் நண்டும் பிடித்தல் ஆகியவற்றில் தேர்ந்தவர்கள். இவர்களின் தெய்வம் கன்னியம்மன். நீரோடு தொடர்புடைய ஏழு கன்னிமார்களின் வழிபாட்டோடு சேர்த்து எண்ணத்தக்க இந்தத் தாய், கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவாள் என்பதும், மாசிமகத்தன்று, அதாவது மாசி மாத முழுநிலவை ஒட்டிய நாளில், மாமல்லபுரம் கடற்கரைக்குச் சென்று அவளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பதும் அவர்களின் நம்பிக்கை.

புடவைகளையும் தார்ப்பாய்களையும் கட்டிக் கடற்கரையில் தங்கும் குடும்பங்கள், விடியுமுன் அலையோரத்துக்கு வருகின்றன. ஈரமணலை உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏழு படிகள் அமைக்கிறார்கள். மணல் அதிகம் காய்ந்திருந்தால் படி நிற்காது. அலைக்கு மிக அருகில் இருந்தால் கட்டி முடிப்பதற்குள் கரைந்துவிடும். ஆகவே ஈரமும் இறுக்கமும் சரியாக அமைந்த அந்தக் குறுகிய பட்டையைக் கால் விரலாலேயே கண்டுபிடிக்கிறார்கள். படிகளில் மஞ்சளும் குங்குமமும் பூவும் வைத்து, பொரியும் வெற்றிலைபாக்கும் தேங்காயும் படைத்துக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். சாமி இறங்கியவர் குறி சொல்கிறார். அங்கேயே பிள்ளைக்குப் பெயர் வைக்கப்படுகிறது. மொட்டை அடித்துக் காது குத்தப்படுகிறது. சொந்தங்கள் கூடிப் பெண் பேசுகின்றனர். தாலி கட்டும் கல்யாணங்களும் நடக்கின்றன. பொழுது ஏறியதும் அலை வந்து கோயிலை எடுத்துக்கொள்கிறது. கட்டடம் இல்லை, உண்டியல் இல்லை, நிலையான சிலை இல்லை. கோயில் முழுவதும் மணல். உலகில் எங்கும் கிடைப்பதாக நாம் எண்ணும் அந்த ஒரு பொருளே இந்த வழிபாட்டுக்கு எல்லாமாக இருக்கிறது. அலை அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டப்பட்ட கரையில், சுற்றுலாவுக்காக வளைக்கப்பட்ட கரையில், ஏழு படிக்கு இடம் எங்கே இருக்கும் என்ற கேள்வியைப் படங்கள்தான் ஆண்டுதோறும் கேட்டுவைக்க வேண்டும்.

மாசிமகத்தன்று மாமல்லபுரத்தில் இருளர்களைச் சுற்றிப் படக்கருவிகள் நெருக்கியடித்து நிற்பது வழக்கமாகிவிட்டது. அருள் வந்து ஆடும் பெண்ணின் முகத்துக்கு அருகே நீளும் லென்சுகள், அந்த மக்கள் மறுநாள் திரும்பிப்போகும் ஊர்களுக்கு வருவதில்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் நின்றபோது இருளர்களின் முதன்மையான வருமானம் போயிற்று. அந்த அறிவு வீணாகாதபடி, ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978இல் தொடங்கப்பட்டதே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடும் அந்தச் சங்கத்தின் நஞ்சு, பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் இடம் பெற்றவர்கள் சிலரே. மற்றவர்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரவெட்டுக்கும் போனார்கள்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டனர். கொத்தடிமை என்பது வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக உழைப்பையும் விடுதலையையும் சேர்த்து அடகு வைக்கும் நிலை. மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து வணங்கும் படம் அப்போது நாடெங்கும் பரவியது. கடற்கரையில் கன்னியம்மன் முன் விழுந்து வணங்கும் உடலும், அதிகாரியின் காலடியில் விழுந்த உடலும் ஒரே சமூகத்தின் உடல்கள். முதல் படத்தை மட்டும் காட்டுவது அழகுக்காட்சி ஆகிவிடும். இரண்டாவதை மட்டும் காட்டினால் அவர்களுக்கென்று தெய்வமும் அறிவும் கொண்டாட்டமும் உண்டு என்பது மறைந்துவிடும். காட்டையும் ஏரியையும் இழந்த மக்களிடம் எஞ்சியிருப்பது மணற்கோயில் என்பதை இரண்டும் சேர்ந்துதான் சொல்ல முடியும்.

மண்ணால் ஆன துரியோதனன்

அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடக்கும் கோடையில், வடதமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பல நாள் நீளும் இந்த விழாவில் நிலத்திலிருந்து பிரிக்கவே முடியாத கட்டங்கள் இரண்டு. ஒன்று அர்ச்சுனன் தபசு: உயரமான பனைமரத்தை நட்டு, அதையே கயிலாயமாக எண்ணி, அர்ச்சுனன் வேடமிட்டவர் பாடிக்கொண்டே ஏறுவார். மற்றொன்று படுகளம்: கடைசி நாள் காலையில் துரியோதனன் மல்லாந்து கிடப்பதாகப் பல அடி நீளத்துக்கு மண்ணால் உருவம் செய்து, அதைச் சுற்றிப் பீமனும் துரியோதனனுமாக வேடமிட்டவர்கள் போரிடுவர், தொடை பிளந்த பின் திரௌபதி கூந்தல் முடிவாள், மாலையில் தீமிதி. உருவம் கலைந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் உண்டு. எதிரியின் உடலாகக் கிடந்த மண், சில நிமிடங்களில் வீட்டைக் காக்கும் மண்ணாகிவிடுகிறது.

இந்தக் கூத்தின் ஆட்டக்காரர்கள் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும் மர அணிகளுக்குக் கட்டை என்று பெயர்; அதனால் இக்கலையைக் கட்டைக்கூத்து என்றும் சொல்வர். பெருங்கட்டூர் பி. ராஜகோபாலின் முயற்சியில் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கப்பட்டது. அவரும் ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் இக்கலையைக் கற்றனர். கலைஞர்களைப் பற்றிய பதிவு இவ்வாறு ஓரளவு நடந்துள்ளது. தபசு மரம் எந்த ஊர்ப் பனையிலிருந்து வந்தது, அதை வெட்டிக் கொணர்ந்தவர் யார், படுகளத்துக்கு மண் எங்கிருந்து எடுக்கப்பட்டது, இந்த ஆண்டு லாரியில் வாங்கப்பட்டதா என்பவை பதியப்படுவதில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவிக்கும் அளவுக்கு அந்த மரம் அருகிவிட்ட காலத்தில், தபசு மரம் ஊருக்குள் வரும் காட்சியே தனித்து எடுக்கத்தக்க ஒரு படம்.

காஞ்சிப் பட்டும் இந்த நோக்குக்கு விலக்கன்று. பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு நூல், விடியற்காலையில் தெருவின் இரு முனைக்கும் இழுத்துக் கட்டப்பட்டு, அறுந்த இழை முடியப்பட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டப்படும். அதற்கு நீண்ட தெருவும், வண்டி ஓடாத அரை மணி நேரமும், மழையில்லாத வானமும் வேண்டும். தறியில் அமர்ந்த நெசவாளரின் கைகளை எண்ணற்ற படங்கள் காட்டியுள்ளன. அவருடைய தொழிலுக்கு வேண்டிய அந்தத் தெருவையும் விடியலையும் காட்டிய படங்கள் குறைவு.

படத்தோடு எழுதவேண்டியவை

இத்தகைய பதிவுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, ஒழுங்குதான் தேவை. முதலாவது, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஆண்டுதோறும் ஒரே விழா நாளில் எடுத்தல். திருமுக்கூடல் கரையில் ஒவ்வொரு மாட்டுப்பொங்கலுக்கும் ஒரே படியில் நின்று பத்து ஆண்டுகள் எடுக்கப்படும் பத்துப் படங்கள், நீரும் மணலும் கருவேலமும் மாறிமாறி வருவதை எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகக் காட்டும். இரண்டாவது, படத்தின் கீழே எழுதும் குறிப்பு. நாள், இடம், விழாவின் பெயர் ஆகியவற்றோடு, மண், மரம், பூ, நீர் ஆகியவை எங்கிருந்து வந்தன என்பதும், அவற்றை அவ்வூரார் என்ன பெயரால் அழைக்கின்றனர் என்பதும் எழுதப்பட வேண்டும். பொருள் மறையும்போது அதன் பெயரும் சேர்ந்தே மறைவதால், அந்தச் சொல்லும் படத்தின் பகுதிதான்.

மூன்றாவது, இசைவு. அருள் வந்த நிலையில் இருப்பவரால் சம்மதம் சொல்ல முடியாது. ஆகவே முந்தைய நாளே குடும்பத்தாரிடம் கேட்பதும், வேண்டாம் என்றால் கருவியைக் கீழே இறக்குவதும் அடிப்படை மரியாதை. நான்காவது, திருப்பிக் கொடுத்தல். 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களின் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்துப் பாதுகாத்துள்ளது. அத்தகைய களஞ்சியம் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது படத்தின் ஓர் அச்சுப் பிரதி அந்த ஊர்ச் சாவடியிலும் அந்த இருளர் குடியிருப்பிலும் இருப்பது. தம் ஏரி முன்பு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம் கையில் இருக்கும் ஊர், அந்த ஏரிக்காக மனுக் கொடுக்கும்போது வெறுங்கையோடு நிற்பதில்லை.

இந்த ஒழுங்குக்கு முன்மாதிரி வெளிநாட்டில் தேடவேண்டியதில்லை. அது திருமுக்கூடல் பெருமாள் கோயிலின் சுவரிலேயே இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு, அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும், அதாவது மருத்துவமனையையும், பதிவு செய்கிறது. மன்னனின் பெருமையையும் மருத்துவரின் ஊதியத்தையும் சொன்னதோடு அது நிறுத்திக்கொள்ளவில்லை. மருந்துக்கு மூலிகை பறித்து வருவோரையும் விறகு கொண்டுவருவோரையும்கூடக் கணக்கில் எடுத்து, அவர்களுக்குரிய நெல்லையும் குறித்துவைத்தது. ஆயிரம் ஆண்டுக்கு அருகில் நின்ற அந்தக் கல்லைப் படிப்பவர்களுக்கு, மருத்துவம் என்பது மூலிகை வளர்ந்த நிலத்தையும் அதை அறிந்த கைகளையும் சேர்த்தது என்று இன்றும் விளங்குகிறது. மூலிகை பறிக்கும் கைகளும் விறகு வெட்டும் கைகளும் பாலாற்றங்கரையில் இன்னும் இருக்கின்றன. அடுத்த மாட்டுப்பொங்கலுக்கு அந்தக் கோயில் வாசலில் படக்கருவியோடு நிற்பவர், பல்லக்கு வருமுன் ஒருமுறை அந்தச் சுவரருகே சென்று வரலாம். யாரை விட்டுவிடக் கூடாது என்று அங்கே எழுதியிருக்கிறது.